கட்டிலும் காற்றுப் படுக்கையும் இரவல்: சேலம் சபை ஒன்றின் சேவை பற்றி

சேலம் டவுனுக்குள் இருக்கும் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை, படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு வேண்டிய சாமான்களை இரவல் கொடுக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டில், காற்றுப் படுக்கை, வீல்சேர், வாக்கர், கமோடு சேர், ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் எல்லாம் உண்டு. வாடகை கிடையாது. டெபாசிட் 1,000 ரூபாய், சாமான் திரும்பினால் பணமும் திரும்பும். முடியாதவர்களிடம் அதையும் கேட்பதில்லை. சாதி, மதம் என்ற கட்டமே அவர்கள் ஃபாரத்தில் இல்லை. இதில் பாதிச் சாமானை எங்கம்மாவுக்காக வாங்கிப் புழங்கியவன் என்ற முறையில் எழுதுகிறேன். சபையின் பெயரைப் போடவில்லை. காரணம் பின்னால் வரும்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். கிறிஸ்தவன் இல்லை. ஆடி மாசம் கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம். எந்தக் கொலுசு கைக்கு வந்தாலும் முதலில் திருப்பிப் பத்தவைப்பைப் பார்ப்பேன், டிசைன் அப்புறம்தான். சேவை என்று யார் சொன்னாலும் எனக்கு அதே புத்திதான். போட்டோ எடுத்துக்கொண்டு அரிசி மூட்டை கொடுப்பவர்களை எங்கள் தெருவில் நிறையப் பார்த்தாயிற்று.

அம்மாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, வாய் குழறல், மூக்கு வழியாக டியூப் சாப்பாடு. டிஸ்சார்ஜ் அன்றைக்கு டாக்டர் ஒரு சீட்டில் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். வாடகைக்கு விடும் கடை ஒன்றில் விசாரித்தால் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் என்றார். அம்மா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அட்வான்ஸ் ஜிபேயா கேஷா என்று மட்டும் கேட்டார். பட்டறையில் எனாமல் வேலை செய்கிற பையன்தான், "அண்ணா, எங்க சர்ச்ல சும்மாவே குடுக்கறாங்க, கேட்டுப் பாருங்க" என்றான். சும்மா கொடுக்கிற பொருள் எந்த லட்சணத்தில் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

முன்பு ஞாயிறு பள்ளி நடந்த அறை, இப்போது சாமான் அறை. ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகும், புதன் சாயங்காலம் 5 முதல் 7 வரையும் திறப்பார்கள். பொறுப்பில் இருப்பவர் ஸ்டீல் பிளான்ட்டில் மெயின்டனன்ஸ் பார்த்து ரிட்டயர் ஆனவர். எல்லாரும் அண்ணா என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். உள்ளே போனதும் பினாயில் வாசம். ஒவ்வொரு சாமானிலும் ஒரு தகர வில்லை: நம்பர், கடைசியாக எப்போது சர்வீஸ் பார்த்தது, யார் பார்த்தது. குனிந்து ஒரு கட்டிலின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். கிரீஸ் புதிதாக இருந்தது. அந்த இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அவர் கேட்ட கேள்விகளைச் சொல்ல வேண்டும். அம்மா எடை எவ்வளவு? எந்தப் பக்கம் விழுந்திருக்கு? சாப்பாடு வாய் வழியாவா, டியூப்பா? ராத்திரி கூடப் படுப்பது யார்? கடைசியாக, "பாத்ரூம் கதவு எத்தனை இஞ்ச் தம்பி?" எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு டேப் பிடிக்கச் சொன்னேன். பழைய வீடு, 24 இஞ்ச். அவரிடம் இருந்த வீல்சேர் சக்கரத்தோடு 26. "அப்ப இது உங்களுக்கு வேண்டாம். கட்டில் பக்கத்துலயே கமோடு சேரை வெச்சுக்குங்க. உக்கார ஆரம்பிச்ச பெறகு, திண்ணைக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு வீல்சேர் வாங்கிக்கலாம்." அந்த வாடகைக் கடையின் பேக்கேஜில் வீல்சேர்தான் முதல் ஐட்டம்.

நாங்கள் எடுத்தது ஃபவுலர் கட்டில். கால்மாட்டில் இரண்டு கைப்பிடி. ஒன்றைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும், இன்னொன்றைச் சுற்றினால் முழங்கால் பக்கம். டியூப்பில் கஞ்சி விடும்போது தலைப்பக்கத்தை ஏற்றி வைக்க வேண்டும், விட்டு முடித்து அரை மணி நேரம் இறக்கக் கூடாது. இறக்கினால் கஞ்சி ஏறி நுரையீரலுக்குள் போய்விடும். கைப்பிடி இரண்டும் சத்தமில்லாமல் சுற்றியது. ரேட்டிங் போடச் சொன்னால் கட்டிலுக்கு முழு மார்க்.

காற்றுப் படுக்கை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் வாங்கித் தப்பாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆல்பா பெட் என்றும் சொல்வார்கள். மெத்தைக்கு மேலே விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு, முழுக்கக் காற்று அறைகள். கொலுசில் ஒன்று விட்டு ஒன்று மணி கோத்த மாதிரி, ஒரு வரிசை உப்பும்போது அடுத்த வரிசை சப்பும். சில நிமிஷத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். உடம்பின் பாரம் ஒரே இடத்தில் தங்காமல் நகர்ந்துகொண்டே இருப்பதற்காக இந்த ஏற்பாடு. பம்ப் 24 மணி நேரமும் ஓட வேண்டும். அதன் மேல் ஒரே ஒரு காட்டன் விரிப்புதான் போடலாம். பாசத்தில் மேலே ஜமுக்காளம், கம்பளி என்று அடுக்கினால் படுக்கை வேலை செய்தும் பயன் இல்லை. கரண்ட் போனால் காற்று மெல்ல இறங்கும், அதனால் இன்வெர்ட்டர் லைனில் மாட்டச் சொன்னார்கள். எங்களுக்குக் கொடுத்த பம்ப்பில், கட்டிலில் தொங்கவிடும் பிளாஸ்டிக் கொக்கி உடைந்து, கயிற்றால் கட்டியிருந்தது. அந்த அறையில் நான் கண்ட முதல் குறை. பட்டறையில் பித்தளைக் கம்பியை வளைத்து இரண்டு கொக்கி போட்டேன். அண்ணாவிடம் காட்டியதும், மற்ற பம்ப்புகளுக்கும் வேண்டும் என்று ஒரு சாம்பிள் வாங்கி வைத்துக்கொண்டார். இன்றுவரை அந்தச் சபைக்குக் கொக்கி சப்ளை நான்தான்.

எங்கள் கூடத்துக்குள் நுழைய ஏழெட்டுப் படி, அதிலும் ஒரு திருப்பம். கட்டிலைக் கழற்றி, வாலிபர் ஐக்கியப் பையன்கள் நாலு பேர் மூலைக்கு ஒருவராகத் தூக்கி வந்தார்கள். திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. ஒரு பையன் மூச்சிரைத்துக்கொண்டே, "ஓட்டைப் பிரிச்சு மேலேர்ந்து எறக்கிரலாமா அண்ணா?" என்றான், மற்ற மூவரும் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. மாற்கு சுவிசேஷம் 2-ஆம் அதிகாரமாம். திமிர்வாதக்காரன், அதாவது கை கால் விளங்காதவன் ஒருவனை நாலு பேர் சுமந்துகொண்டு வந்து, வாசலில் கூட்டம் நெருக்கியதால் கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் படுக்கையோடு இறக்கினார்களாம். கட்டில் தூக்கப் போகிற ஒவ்வொரு வீட்டிலும் இந்த ஜோக்கைச் சொல்வார்களாம். அந்தக் கதையில் அந்த நாலு பேருக்கும் பெயர் கிடையாது என்பதையும் அதே பையன்தான் சொன்னான்.

சாமானைக் காட்டிலும் பெரிய விஷயம் சிஸ்டர் வந்தது. கன்னியாஸ்திரி இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர், அந்தச் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காரர். கட்டில் போன வீட்டுக்கெல்லாம் ஒரு நடை போய் வருவார். என் வீட்டுக்காரியையும் என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அம்மாவைப் புரட்டிக் காட்டினார். "விழுந்த கையப் புடிச்சு இழுக்கவே கூடாது, தோள் மூட்டு நழுவிப்போகும்." பழைய வேட்டியை நாலாக மடித்து அம்மாவின் இடுப்புக்குக் கீழே குறுக்காக விரிக்கச் சொன்னார். இரண்டு பேர் இரண்டு ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் தோல் உரசாமல் நகர்த்தலாம். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒன்று, கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று. குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். காற்றுப் படுக்கை இருக்கிறது என்று விட்டுவிடாமல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும்.

புண் வருவதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர் சொன்னதை வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை. சிவந்த இடத்தை விரலால் அமுக்கி எடுத்தால் ஒரு கணம் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுக்கவே இல்லை என்றால் உள்ளே கெட ஆரம்பித்துவிட்டது. "ஆனா நம்ம நெறத்துக்குச் செவப்பு தெரியாதுங்க. தொட்டுப் பாருங்க. சுத்தி இருக்கற எடத்த விடச் சூடாவோ கெட்டியாவோ இருந்தா உசாராயிருங்க." அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தால் ரத்த ஓட்டம் வரும் என்று எங்கள் அத்தை சொல்லிக்கொண்டிருந்தார், சிஸ்டர் அதைச் சிரித்துக்கொண்டே தடுத்துவிட்டார். கிளம்பும்போது, அரசாங்கத்தின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுத்தீர்களா என்று கேட்டார். 2021-ல் வந்த திட்டம். பிசியோதெரபி வீட்டுக்கே வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எங்கே போய்ப் பதிய வேண்டும் என்பதையும் அவரே எழுதிக் கொடுத்தார். எங்களால்தான் எல்லாம் என்று காட்டிக்கொள்ளாத ஆட்கள்.

இனி எல்லாரும் கேட்கிற கேள்வி. மதம் மாற்றப் பார்த்தார்களா? இல்லை. போகும்போது சிஸ்டர் என்னிடம் கேட்கவில்லை, அம்மாவிடம் கேட்டார்: "ஜெபம் பண்ணட்டுமாம்மா?" அம்மா குழறலோடு, "பண்ணு கண்ணு. ஆத்தாளும் கேட்டுக்கட்டும்" என்றார். ஒரு நிமிஷ ஜெபம். அடுத்த முறை வந்தபோதும் மறுபடி கேட்டுவிட்டுத்தான் பண்ணினார். ஒன்று மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. சாமான் பையில் சின்னதாக ஒரு புதிய ஏற்பாடும் கிடந்தது. எங்களுக்கு அது பிரச்சனை இல்லை, ஆனால் சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் முணுமுணுத்தார். கேட்டுவிட்டுக் கொடுங்கள், கேட்காமல் பையில் போடாதீர்கள் என்று அண்ணாவிடம் நேராகவே சொன்னேன். யோசித்துவிட்டு, "நீங்க சொல்றது சரிதான், கமிட்டியில பேசறேன்" என்றார். இப்போது மேஜை மேல் அடுக்கி வைத்திருக்கிறார்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் ஏன் செய்கிறீர்கள் என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். அன்பு, இரக்கம் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். யாக்கோபு நிருபம் 2-ஆம் அதிகாரத்தைச் சொன்னார். உடுக்கத் துணியும் அன்றாடச் சாப்பாடும் இல்லாதவனைப் பார்த்து, சமாதானத்தோடே போ, குளிர்காய்ந்து பசியாறு என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காவிட்டால் என்ன பிரயோஜனம் என்று அங்கே கேட்டிருக்கிறதாம். "நாங்க வருஷக்கணக்கா ஆஸ்பத்திரி வார்டுல போய் ஜெபம் பண்ணிட்டு, சமாதானத்தோட போங்கன்னுதான் சொல்லிட்டிருந்தோம் தம்பி. வீட்டுக்குப் போனா படுக்கக் கட்டில் இல்லாதவன்கிட்ட." அவ்வளவுதான் பேசினார். பேச்சு முடிந்ததும் ஒரு வாக்கரின் ரப்பர் புஷ்ஷைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன், கணக்குப் புத்தி. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்களில் பிள்ளைகள் உண்டியலில் சேர்க்கும் காணிக்கை ஒரு பங்கு. பெரிய பங்கு அறுப்பின் பண்டிகை ஏலம். எனாமல் பையன் கூப்பிட்டு ஒருமுறை போயிருக்கிறேன். பூசணிக்காய், வாழைத்தார், நாட்டுக்கோழி, யாரோ சுட்ட கேக் என்று எல்லாவற்றையும் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடுகிறார்கள். எடுத்தவரே அதைத் திருப்பிக் கொடுத்துவிட மறுபடியும் ஏலம் போகிறது. ஒரே பூசணிக்காய் கை மாறி மாறிச் சந்தை விலையைப் போல் பல மடங்கு சம்பாதித்தது. நானும் ஒரு சீப்பு வாழைப்பழத்தை என்ன விலைக்கு எடுத்தேன் என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

நிறையப் பேருக்கு ஒரு தயக்கம் இருக்கும்: இந்தக் கட்டிலில் இதற்கு முன் படுத்திருந்தவர் என்ன ஆனார்? எங்கள் சித்தப்பா இதையும் விடவில்லை. வில்லையைப் பார்த்து, "இதுல எத்தன பேரு போனாங்களோ" என்றார். கட்டில் பொருத்திக்கொண்டிருந்த பெரிய பையன் மழுப்பவில்லை. "சில பேரு தவறியிருக்காங்க ஐயா. சில பேரு நடந்து வந்து திருப்பிக் குடுத்திருக்காங்க." வீட்டில் இறப்பு நடந்தால் சாமானை உடனே எடுத்து வருவதில்லையாம். காரியம் முடிந்து வீட்டார் போன் செய்யும் வரை காத்திருப்பார்கள். பிறகு பிளீச்சிங் தண்ணீரில் துடைத்து, வெயிலில் போட்டு, மெத்தை உறையை மாற்றித்தான் அடுத்த வீட்டுக்கு. இதை நான் அந்தக் காம்பவுண்டில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மலைக்கும் போகிறார்கள். கொக்கி கொடுக்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஆள் குறைந்ததால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவிலும் கட்டில் சட்டத்தைக் காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டு போனேன். நாகலூர் தாண்டி உள்ளே ஒரு சிற்றூர். சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறி விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போன ஒரு ஆள். வயது முப்பது கூட இருக்காது. அங்கே காற்றுப் படுக்கை கொடுக்கவில்லை. மழைக்காலத்தில் மலையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, பம்ப் நின்றுவிடும். அதனால் தண்ணீர்ப் படுக்கை. அதற்குக் கரண்ட் வேண்டாம். ஆனால் ஏற்காட்டுக் குளிரில் உள்ளே இருக்கும் தண்ணீர் சில்லிட்டு உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, நடுவே மெல்லிய கம்பளி ஒன்று விரித்தார்கள். வீல்சேரும் அங்கே ஓடாது. ரோட்டிலிருந்து வீடு வரை கல்லும் சரிவும்தான், சாமானையே தோளில் வைத்துத்தான் கொண்டுபோனோம். டவுனுக்கு ஒரு சட்டம், மலைக்கு ஒரு சட்டம் என்று யோசித்துக் கொடுக்கிறார்கள்.

இறங்கும்போது சிஸ்டர் ஒரு பழைய கதை சொன்னார். பீட்டர் பெர்சிவல் என்ற பாதிரியார் 1882-ல் ஏற்காட்டில்தான் இறந்தாராம். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைக் கூட வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். பழுத்த சைவரான நாவலரே பைபிளுக்குக் கை கொடுத்திருக்கிறார் என்றால், மாரியம்மன் பக்தன் பம்ப்புக்குக் கொக்கி வளைப்பதில் சித்தப்பாவுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டுவிட எனக்கு ஒரு பாயிண்ட் கிடைத்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் இரண்டே தடவைதான் திறக்கிறார்கள். வியாழக்கிழமை டிஸ்சார்ஜ் ஆகிறவர் ஞாயிறு வரை என்ன செய்வார்? அவசரம் என்று சொன்னால் அண்ணா வந்து திறக்கிறார், ஆனால் அது அவர் உடம்பு தாங்கும் வரைதான். இன்னும் பேப்பர் ரிஜிஸ்டர். எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்பது பாதி அதிலும் பாதி அவர் தலையிலும் இருக்கிறது. கான்சன்ட்ரேட்டர் இரண்டுதான், நான் பார்த்தவரை இரண்டும் எப்போதும் வெளியேதான். கமோடு சேர் ஒன்றில் கைப்பிடி அசைகிறது. பக்கவாதக்காரர் ஒரு கையை ஊன்றித்தான் எழ வேண்டும், அந்தச் சேரை ஒதுக்கி வைப்பது நல்லது. வீல்சேர்களில் பழைய மாடல்களுக்குக் கால் வைக்கும் தட்டு மடங்காது, கட்டிலிலிருந்து மாற்றும்போது இடறும்.

பெயர் போடாததற்கு இரண்டு காரணம். அவர்கள் சொன்னது, வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்பது. மத்தேயு 6-ஆம் அதிகாரமாம். அண்ணா தனியாகச் சொன்னது வேறு: "இருக்கறதே பத்துப் பதினஞ்சு கட்டில். நெட்டுல பேரு போட்டீங்கன்னா நாமக்கல், தருமபுரில இருந்தெல்லாம் போன் வரும். இல்லைன்னு சொல்றதுக்கே ஒரு ஆள் போடணும்." சேலத்தில் தேவைப்படுகிறவர்கள் பக்கத்தில் இருக்கிற எந்தச் சபையிலாவது, கோயிலிலாவது கேட்டுப் பாருங்கள். இரவல் சாமான் வைத்திருக்கும் இடங்களை அவர்கள் ஒருவருக்கொருவர் கைகாட்டி விடுகிறார்கள்.

அம்மாவுக்கு டியூப்பை எடுத்தாயிற்று. வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணை வரை வருகிறார், வந்து பட்டறைக் கணக்கைக் கேட்கிறார். கட்டிலைத் திருப்பிக் கொடுத்தோம், அது அம்மாப்பேட்டையில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போயிருக்கிறது. டெபாசிட்டை நான் திரும்ப வாங்கவில்லை. அண்ணா அதற்கும் ரசீது போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்.

உங்கள் வீட்டுப் பரணில் வாக்கரோ கமோடு சேரோ கிடந்தால், இப்படி நடத்துகிற இடத்துக்குக் கொடுக்கலாம். கழுவிக் காயவைத்துக் கொடுங்கள். பம்ப் என்றால் ஒரு ராத்திரி ஓடவிட்டுப் பாருங்கள். சார்ஜர், டியூப், திருகாணி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுச் சாமானோடு சேர்த்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் அது பழைய இரும்புதான். மிச்சம் கிடக்கும் மாத்திரை அட்டைகளைக் கொண்டுபோகாதீர்கள், வாங்க மாட்டார்கள்.